வராத தாயைத் தேடிப் போங்கள்

மும்பையில் வடாலா, அண்டாப்ஹில், சயான் கோலிவாடா பக்கத்துத் தமிழ் வீடுகளில் தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை ஊருக்கு அனுப்பும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஏழாம் மாதம் வளைகாப்பு, அது முடிந்ததும் திருநெல்வேலிக்கோ தூத்துக்குடிக்கோ ரயில். முப்பதாவது வாரத்திலேயே பனிக்குடம் உடைந்துவிட்டால் ரயிலும் கிடையாது, அம்மா வீடும் கிடையாது. கையில் அடுக்கிய கண்ணாடி வளையலோடு பிரசவ வார்டுக்கு ஓடுகிறாள். "குழந்தையப் பெட்டியில வெச்சிருக்காங்க" என்று அன்றிரவே ஊருக்குப் போன் போகிறது.

பல மருத்துவமனைகளில் நாலைந்து நாளில் தாயை டிஸ்சார்ஜ் செய்துவிடுவார்கள். குழந்தை உள்ளே, தாய் வெளியே. பால் கட்டி நெஞ்சு வலிக்க, வெறுங்கையோடு வீட்டுப் படி ஏறுகிறாள். "குழந்தை எங்கே?" என்று கேட்கிறவர்கள் பதிலுக்குக்கூடக் காத்திருப்பதில்லை. ஏழு மாசப் பிள்ளை தங்கும், எட்டு மாசப் பிள்ளைதான் தங்காது என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். மருத்துவம் சொல்வது இதற்கு நேர்மாறு. வயிற்றுக்குள் கழியும் ஒவ்வொரு வாரமும் குழந்தையின் நுரையீரலுக்கு வலு. ஆனால் எட்டாம் மாதத்தில் பெற்றவள் காதில் விழுந்த அந்தச் சொல், எத்தனை டாக்டர் மறுத்தாலும் அவளை விட்டுப் போவதில்லை.

பெட்டிக்குள் இருப்பது ஒரு கிலோ இருநூறு கிராம் என்று வைத்துக்கொள்வோம். தலையில் கம்பளிக் குல்லா, மூக்கில் காற்றுக்குழாய், வாய்வழியே பால் குழாய், உள்ளங்காலில் சிவப்பாக மினுங்கும் ஆக்சிஜன் சென்சார். மூச்சை இடைவிடாமல் நடத்தும் பக்குவம் அந்த மூளைக்கு இன்னும் வந்திருக்காது. சில சமயம் இருபது விநாடிக்கு மேல் மூச்சு நின்றுபோகும். உதடு நீலம் பாயும், மானிட்டர் அலறும். நர்ஸ் வந்து உள்ளங்காலை விரலால் சுண்டுவார். குழந்தை உதறிக்கொண்டு மூச்சிழுக்கும். நர்ஸுக்கு அது ஒரே ஷிஃப்டில் பலமுறை நடக்கிற காரியம். தாய்க்கோ, தன் பிள்ளை கண்ணெதிரே செத்துப் பிழைத்திருக்கிறது.

இரண்டு மாதம் கழித்துப் பிள்ளை வீட்டுக்கு வருகிறது. எடை ஏறுகிறது. குடும்பமே நிம்மதியாகிற அந்த நேரத்தில்தான் பல தாய்மார்களுக்குத் தொல்லை ஆரம்பிக்கிறது. தெருவில் டெம்போ பின்னால் வரும்போது எழுப்பும் பீப் சத்தத்துக்கு உடம்பு விறைக்கிறது. டெட்டால் வாசனைக்குக் குமட்டுகிறது. நடுராத்திரியில் பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறாள், திரும்பத் திரும்ப வைத்துப் பார்க்கிறாள். நன்றாகத் தூங்குகிற பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டி எழுப்புகிறாள். அது வீறிட்டு அழுகிறது, மாமியார் திட்டுகிறார். ஆபத்து நீங்கிய பிள்ளையை இவள்தான் பாடாய்ப் படுத்துகிறாள் என்று அக்கம்பக்கம் பேசுகிறது. இதற்கு மாறாக, பிள்ளையைத் தூக்கவே கை வராத தாய்களும் உண்டு. யார் பிள்ளையையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

போர்முனையிலிருந்து திரும்பிய சிப்பாய்களிடம் கண்ட தொல்லைதான் இது. அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் என்ற நோய்க்குறிப்பை அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1980ல் தங்கள் கையேட்டில் சேர்த்தார்கள். நடந்தது மறுபடி மறுபடி கண்முன் வந்து நிற்பது, அதை நினைவூட்டும் எதையும் ஒதுக்குவது, மனம் மரத்துப்போவது, எந்நேரமும் உஷாராகவே இருப்பது. இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாடத்தைக் கெடுத்தால் அது நோய். பிரசவத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பு பேசப்பட இன்னும் பல ஆண்டுகள் ஆயின. மைக்கேல் ஹைனன் என்ற அமெரிக்க உளவியலாளர் தாமே ஒரு குறைப்பிரசவக் குழந்தைக்குத் தகப்பன். அவரும் சக ஆய்வாளர்களும் 1990களில் இந்தத் தாய்மார்களுக்கென்றே பதினான்கு கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றை உருவாக்கினார்கள்.

குறைமாதத்தில் பெற்றவர்கள் கொஞ்சப் பேர் இல்லை. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2020ல் உலகில் 1.34 கோடிக் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. அதில் சுமார் 30 லட்சம் இந்தியாவில். வேறெந்த நாட்டிலும் இத்தனை இல்லை.

தாயின் இந்த நோய் பிள்ளையின் கண்ணையே பறித்துவிடக்கூடும். நாம் கவலைப்பட வேண்டிய இடம் அது. குறைமாதக் குழந்தையின் விழித்திரையில் ரத்தநாளங்கள் முழுதாக வளர்ந்திருக்காது. வெளியே வந்தபின் அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே பிய்த்துவிடலாம். அதனால்தான் பிறந்த முப்பது நாளுக்குள் முதல் கண் பரிசோதனை என்று நம் நாட்டில் வலியுறுத்துகிறார்கள். ஆபத்து தெரிந்தால் ஓரிரு நாளில் லேசர் சிகிச்சையோ ஊசியோ தேவைப்படும். முதல் பரிசோதனை வார்டிலேயே முடிந்துவிடலாம். அடுத்தடுத்த பரிசோதனைகளுக்கு ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை அதே மருத்துவமனைக்கு வர வேண்டும். அந்த வாசல், அந்த வாசனை, அந்த பீப் சத்தம். எதை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறதோ அங்கேயே போக வேண்டும். ஒதுங்குவது இந்த நோயின் முக்கியமான அறிகுறி என்பதை மறந்துவிட்டு, வராதவளைப் பொறுப்பில்லாதவள் என்கிறோம். தேதி தவறிய கார்டைப் பார்த்துத் தாயைக் கடிந்துகொள்ளும் ஒவ்வொரு முறையும் அவள் அடுத்த தேதிக்கும் வராமல் போக நாமே வழி செய்கிறோம்.

இதற்கு மருந்து வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதில்லை. வடாலாவிலிருந்து கூப்பிடு தூரத்தில், சயான் லோகமான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனையில், அதன் முதல் பாதியை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். பச்சிளங்குழந்தை மருத்துவர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் அங்கே 1989ல் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். புட்டிப்பாலை விலக்கித் தாய்ப்பாலைக் கொண்டுவந்தது மட்டும் அவர் செய்தது என்று சொல்ல மாட்டேன். வெளியே நின்ற தாயை உள்ளே அழைத்து, பிள்ளையைப் பராமரிக்கும் வேலையில் பங்கு கொடுத்தார். நோய்த்தொற்று பயத்தால் தாயைத் தள்ளி நிறுத்துவதே சரி என்று பலர் நம்பிய காலம் அது.

அந்த முடிவு பிள்ளைகளைக் காத்தது எல்லோருக்கும் தெரியும். தாய்களையும் காத்திருக்கும் என்று நான் நம்பக் காரணம் இருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் பெற்றோரை அதிகம் வதைப்பது எது என்று அளக்க மார்கரெட் மைல்ஸ் என்ற செவிலியர் பேராசிரியர் உருவாக்கிய அளவுகோல் பல நாடுகளில் பயன்படுகிறது. குழாய்களும் அலாரமும் பயமுறுத்துவது உண்மை. அவற்றையும் மிஞ்சி, 'என் பிள்ளைக்கு நான் எதுவும் செய்ய முடியவில்லையே' என்ற தவிப்புதான் பெரும்பாலும் முதலிடத்தில் நிற்கிறது. நம் வார்டுகளில் பாலாடையில் பால் புகட்டும் தாயைக் கவனித்தால் இது புரியும். கறந்த பாலைப் பாலாடையில் ஊற்றி, அதன் மூக்கைப் பிள்ளையின் கீழுதட்டின் ஓரம் வைத்து, பிள்ளை நக்கி விழுங்கும்வரை பொறுத்திருந்து, மறுபடி லேசாகச் சாய்க்க வேண்டும். பத்து மில்லிக்குக் கால் மணி நேரம் ஆகலாம். அந்தக் கால் மணி நேரம் அவள் வெறும் பார்வையாளர் இல்லை.

நெஞ்சோடு நெஞ்சாகப் பிள்ளையை அணைத்துக்கொள்ளும் கங்காரு பராமரிப்பும் அப்படித்தான். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021ல் வெளியான ஆய்வில், எடை குறைந்த குழந்தைகளுக்குப் பிறந்தவுடனே இதைத் தொடங்கியபோது இறப்பு கால் பங்கு குறைந்தது. டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை அதில் பங்கேற்றது. தாயும் சேயும் ஒரே தீவிர சிகிச்சை அறையில் இருக்க வேண்டும் என்பதே அதன் ஏற்பாடு.

மறுபாதிதான் பாக்கி. வீட்டுக்குப் போன தாயை யாரும் கேட்பதில்லை. ஃபாலோ-அப் கார்டில் பிள்ளையின் எடை, தலைச் சுற்றளவு, கண், காது எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. தாய்க்கு ஒரு கட்டம் கிடையாது. பேறுகால மனச்சோர்வைக் கண்டறியும் எடின்பரோ படிவம் தமிழிலேயே சரிபார்க்கப்பட்டு இருக்கிறது, ஆனால் அது சோர்வைக் கேட்கும், மீண்டும் மீண்டும் வரும் காட்சியைக் கேட்காது. ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்ட் ஷா குழுவினர் குறைப்பிரசவத் தாய்மார் 105 பேரிடம் நடத்தி 2013ல் வெளியிட்ட ஆய்வில், ஆறு அமர்வு ஆலோசனையிலேயே அதிர்ச்சியின் அறிகுறிகள் நன்றாகக் குறைந்தன. ஆறு அமர்வு நம்மால் முடியாத காரியமா? ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் 1999ல் நிறுவிய சினேஹா அமைப்பின் பெண்கள் தாராவிச் சந்துகளில் வீடு வீடாக நடக்கிறார்கள். மாநகராட்சியின் ஆரோக்கிய சேவிகாக்களும் நடக்கிறார்கள். கதவு தட்ட ஆள் இருக்கிறது.

நம் வீடுகளில் "பிள்ளை பெத்தவ பயந்துட்டா" என்று சொல்லி மந்திரித்துத் திருநீறு போடுவதுண்டு. அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. அவள் பயந்திருக்கிறாள் என்று கண்டுகொண்ட முதல் ஆட்கள் அவர்கள். அதோடு நின்றுவிட வேண்டாம் என்றுதான் கேட்கிறேன். 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம், தமிழிலும் பேசலாம். மாமியாரும் கணவரும் ராத்திரி முறை போட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு அவளை நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கவிடலாம். கண் பரிசோதனை நாளில் கூடவே ஒருவர் போகலாம். அவளால் உள்ளே நுழைய முடியாவிட்டால் பிள்ளையை அத்தையோ சித்தியோ தூக்கிக்கொண்டு போகட்டும், அவள் வாசலில் உட்கார்ந்திருக்கட்டும்.

தேதி தவறினால் மறுநாளே மருத்துவமனையிலிருந்து ஒரு போன் போக வேண்டும். "ஏன் வரலை?" என்பதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். முதலில் கேட்க வேண்டியது, "ராத்திரி தூங்குறியாம்மா? வார்டுல பார்த்ததெல்லாம் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குதா?"