மூச்சு காட்டிக் கொடுக்கும் வயிற்றுக் கிருமி!

செல்லூரில் ஒரு தறிக்காரர் என்று வைத்துக்கொள்வோம். காலையில் ஒரு டீ, ஒரு வடை. தறியில் போய் உட்காருவதற்குள் வயிறு பானைபோல் உப்பிவிடுகிறது. கடமுடா என்று சத்தம்! எழுந்து ஓடுகிறார்.

நேற்றும் இப்படித்தான். ஆறு மாதமாகவே இப்படித்தான். ரத்தம் சோதித்தாயிற்று, படம் எடுத்தாயிற்று. "ஒன்றும் இல்லை" என்றார்கள். "எல்லாம் மனசுதான்" என்கிறார் மனைவி.

மனசு மட்டும் அல்ல. இதற்கு 'எரிச்சல் குடல்' என்று பெயர். இந்த நோயாளிகளில் சிலருக்கு, சிறுகுடலில் கிருமிகள் பெருகியிருக்கும்.

கிருமிகளின் சொந்த ஊர் பெருங்குடல். அங்கே அவை கோடி கோடியாக இருக்கின்றன, இருக்கவும் வேண்டும். சிறுகுடலில் பெருகினால்தான் வம்பு! நாம் தின்ற சோறு உடம்பில் சேருமுன் அவை பந்தியில் உட்கார்ந்துவிடும். தின்றுவிட்டு வாயு விடும்.

அந்த வாயுவில் ஒன்று ஹைட்ரஜன். நம் உடம்புக்கு அதை உண்டாக்கத் தெரியாது. குடல் கிருமிகளே உண்டாக்கும். அதில் ஒரு பங்கு ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியே மூச்சில் வந்துவிடும். அமெரிக்க டாக்டர் மைக்கேல் லெவிட் 1969-ல் இதை அளந்து காட்டினார்.

ஊதினால் போதும்!

சோதனைக்கு ஊசி கிடையாது. முதல் நாள் இரவு வெறும் சோறு. பயறு, வெங்காயம் கூடாது. பிறகு 12 மணி நேரம் பட்டினி. பீடி, சிகரெட் தொடக்கூடாது. காலையில் ஒரு முறை ஊதவேண்டும். அப்புறம் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீர். அதைக் குடித்துவிட்டுக் கால் மணிக்கு ஒரு தடவை ஊதவேண்டும்.

குளுக்கோஸ் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். பெருங்குடல் வரை போவது அபூர்வம். ஆகவே ஒன்றரை மணிக்குள் மூச்சில் ஹைட்ரஜன் ஏறினால், கிருமி சிறுகுடலில் என்று அர்த்தம். பத்து லட்சத்தில் 20 பங்கு ஏறவேண்டும் என்பது வட அமெரிக்க நிபுணர்கள் 2017-ல் வகுத்த கணக்கு.

லாக்டுலோஸ் என்ற வேறொரு சர்க்கரையும் கொடுப்பதுண்டு. அது பெருங்குடல் வரை போகும். அங்கே எழும் வாயு சில சமயம் டாக்டரையே ஏமாற்றிவிடும்.

இந்தச் சோதனையை எவ்வளவு நம்பலாம்? லக்னோவில் சஞ்சய் காந்தி மருத்துவ நிலையத்து டாக்டர்கள் பரீட்சித்தார்கள். 2014-ல் முடிவு வெளியாயிற்று. எரிச்சல் குடல் நோயாளிகள் 80 பேர். குழாய் விட்டுக் குடல் நீரையே எடுத்துப் பார்த்ததில் 15 பேருக்குக் கிருமிப் பெருக்கம். குளுக்கோஸ் ஊதலோ அவர்களில் 4 பேரைத்தான் பிடித்தது! ஆனால் கிருமி பெருகாத ஒருவர்மீதுகூட அது பழி போடவில்லை.

ஆகவே, "உண்டு" என்று ஊதல் சொன்னால் நம்பலாம். டாக்டர் தரும் கிருமிக்கொல்லி மாத்திரை பலன் தரக்கூடும். "இல்லை" என்று சொன்னால் மட்டும் அதையே முடிவாகக் கொள்ளக்கூடாது. சோதனையே இல்லாமல் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவதோ, வேண்டாத வேலை.

மலத்தில் ரத்தம், உடம்பு இளைப்பு, தூக்கத்தைக் கெடுக்கும் பேதி இருந்தால் ஊதலுக்குக் காத்திருக்கவே கூடாது. செல்லூர்க்காரருக்குக் கோரிப்பாளையம் பக்கம்தானே. அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.