உங்கள் புரோகிராமுக்கே உங்கள் பாஸ்வேர்ட் தெரியக்கூடாது, தெரியுமா?

கோடிங் கற்கும் பிள்ளைகள் கால்குலேட்டரை முடித்த கையோடு எழுதிப் பார்ப்பது எது? லாகின் பக்கம்! பாஸ்வேர்டை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் அப்படியே போட்டுவைப்பார்கள். அடித்தது பொருந்தினால் 'வெல்கம்'. சிரிக்காதீர்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யே 1960களில் இதைத்தான் செய்தது! 1962இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்குக் கம்ப்யூட்டரில் கொடுத்த நேரம் போதவில்லை. என்ன செய்தார் தெரியுமா? பாஸ்வேர்ட் ஃபைலையே அச்சடித்துத் தரச்சொல்லி ஒரு துளை அட்டையைப் போட்டார். அச்சாகி வந்தேவிட்டது! 1966இல் இன்னும் கூத்து: அன்றைய அறிவிப்பு வரவேண்டிய இடத்தில், உள்ளே நுழைந்த எல்லோருக்கும் எல்லோருடைய பாஸ்வேர்டும் தெரிந்தது.

சரி, பழங்கதை என்கிறீர்களா? 2009இல் ராக்யூ நிறுவனத்திலிருந்து கசிந்த 3.2 கோடி பாஸ்வேர்டுகளும் அப்பட்டமான எழுத்தில் கிடந்தன. முதலிடம் பிடித்தது எது? 123456!

அப்படியானால் எதைத்தான் சேமிப்பது? பாஸ்வேர்டை அரைத்துக் கிடைக்கும் எழுத்துக்கோவையான ஹாஷை! அரைத்த மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாதல்லவா? அதுபோல, ஹாஷிலிருந்து பாஸ்வேர்டுக்குத் திரும்பும் வழி கிடையாது. லாகின் செய்யும்போது அடித்ததை மறுபடி ஹாஷ் செய்து ஒப்பிட்டால் போதும். ஆனால் இரண்டு பேர் ஒரே பாஸ்வேர்டை வைத்தால் ஹாஷும் ஒன்றாகிவிடுமே? அதற்குத்தான் சால்ட்: ஆளுக்கொரு தற்செயல் எழுத்துக்கோவையைச் சேர்த்து ஹாஷ் செய்வது. கணினி விஞ்ஞானிகள் ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் 1979லேயே இதை விளக்கிக் கட்டுரை எழுதிவிட்டார்கள். அப்படியும் 2012இல் லிங்க்ட்இனிலிருந்து வெளியான சுமார் 65 லட்சம் ஹாஷ்களில் சால்ட் இல்லை!

இன்னொரு வியப்பு. அந்தத் தாம்சனின் சொந்தப் பாஸ்வேர்டே 2019இல் உடைந்தது! பழைய யூனிக்ஸ் ஃபைல் ஒன்றில் கிடந்த ஹாஷை ஒருவர் ஒரு கிராஃபிக்ஸ் கார்டை நான்கு நாளுக்கு மேல் ஓட்டி உடைத்தார். உள்ளே இருந்தது, ராணிக்கு முன் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தும் செஸ் நகர்வு. தாம்சன் வாழ்த்து சொன்னார்!

ஏன் உடைந்தது? ஹாஷைத் திருப்ப முடியாவிட்டாலும், ஊகங்களை ஒவ்வொன்றாக ஹாஷ் செய்து ஒப்பிட்டுப் பார்க்கலாமே! அந்தக் காலத்து ஹாஷ் இன்றைய இயந்திரத்துக்குத் தூசு. ஆகவே இங்கே மெதுவாக ஓடுவதுதான் கெட்டிக்காரத்தனம்! 1999இல் வந்த பிகிரிப்ட் என்ற ஹாஷ் முறையில் ஓர் எண் இருக்கிறது. அதை ஒன்று கூட்டினால் வேலை இரண்டு மடங்காகும். வேகத்துக்குப் பேர்போன எஸ்.எச்.ஏ.-256ஐ வெறுமனே போட்டுவிட்டு 'பாதுகாப்பு ரெடி' என்று சொல்லித்தரும் டுடோரியல்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான்.

சொல்லாவிட்டால் யாரும் செய்வதில்லை என்பது தெரியுமா? ஜெர்மனியின் பான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 20 கணினி மாணவர்களிடம் பயனர் பதிவுக்கான கோடு எழுதச் சொன்னார்கள். பாதுகாப்பு பற்றிச் சொல்லப்படாத பாதிப்பேரில் ஒருவர்கூடப் பாதுகாப்பாகச் சேமிக்கவில்லை! 2017இல் வெளியான முடிவு இது. அதனால் முதல் லாகின் பயிற்சியின் கேள்வித்தாளிலேயே 'பாதுகாப்பாகச் சேமிக்கவும்' என்ற ஒரு வரி இருக்கட்டும்.

கஷ்டமா என்றால், அதுவும் இல்லை! பி.எச்.பி.யில் 2013 முதலே பாஸ்வேர்ட்_ஹாஷ் என்ற ஒரே அழைப்பு போதும். சால்ட், பிகிரிப்டின் அந்த எண், ஹாஷ் மூன்றும் ஒரே கோவையாக வந்து விழும், டேட்டாபேஸில் ஒரே பத்தி. பைத்தானில் பாஸ்வேர்டை வாங்க இன்புட் வேண்டாம், கெட்பாஸ் போதும். அடிக்கும்போது திரையில் ஒரு புள்ளிகூட விழாது. கீபோர்ட் கெட்டுப்போச்சு என்று வகுப்பில் முதல் கை உயரும், பாருங்கள்!