மேசை மேல் ஒரு பழவேற்காடு

"டிப்ளமா மூணாவது வருஷம் படிக்கிறவன் பொம்மை வச்சு விளையாடுறான் பாரு" என்று ஹாஸ்டலில் என்னைக் கிண்டல் செய்யாதவர்கள் இல்லை. அவர்களுக்குப் பதிலாகவும், புதிதாக ஆட நினைப்பவர்களுக்கு உதவியாகவும் இதை எழுதுகிறேன்.

மேசைப் போர் விளையாட்டு என்பது சதுரங்கத்தின் உறவுதான். ஆனால் இதில் கட்டம் கிடையாது. மேசைதான் போர்க்களம். சின்னஞ்சிறு வீரர்களை ஸ்கேலால் அளந்து நகர்த்த வேண்டும். சுட்டது பட்டதா என்பதைப் பகடை சொல்லும். 1824-ல் பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் வரைபடத்தின் மேல் ஆடும் போர்ப் பயிற்சிக்கு விதிகள் வெளியிட்டார். 1913-ல் ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 'லிட்டில் வார்ஸ்' என்ற நூலில், வீட்டுத் தரையில் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆட வழி சொன்னார்.

எனக்கும் ஆசை வந்தது. வெளிநாட்டுப் பெட்டி ஒன்றின் விலையைப் பார்த்தேன். பழவேற்காடு ஏரியில் அப்பா பல நாள் வலை போட்டால்தான் அந்தப் பணம் வரும். 'இது நமக்கில்லைடா' என்று விட்டுவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, ஆடுவதற்கு நான்கே பொருள் போதும், நான்கும் கிட்டத்தட்ட இலவசம் என்று!

1. விதிகள்: வெல்ஸின் நூல் 'புராஜெக்ட் குட்டன்பர்க்' இணைய நூலகத்தில் இலவசம். 'ஒன் பேஜ் ரூல்ஸ்' என்பவர்கள் சில பக்கங்களில் அடங்கும் அடிப்படை விதிகளை இலவசமாகத் தருகிறார்கள். 'இந்தப் பொம்மையைத்தான் வாங்க வேண்டும்' என்ற கட்டாயமும் இல்லை. நண்பன் வேறு ஊரில் இருந்தால் 'வாசல்' என்ற இலவச மென்பொருள் மூலம் கம்ப்யூட்டரிலேயே ஆடலாம். (நம்ம வீட்டு வாசல் இல்லை, பெயர் அப்படி!)

2. வீரர்கள்: 'ஜூனியர் ஜெனரல்' தளத்தில் பல காலத்துப் படை வீரர்களின் படங்கள் உள்ளன. பிரிண்ட் எடுத்து, மடித்து ஒட்டி, வெட்டினால் ஆள் தயார். காற்றடித்தால் விழுமே என்கிறீர்களா? வலையில் கோர்க்கும் ஈயக் குண்டைத் தட்டையாகத் தட்டி அடியில் ஒட்டினேன். இப்போது ஃபேன் ஓடினாலும் அசைவதில்லை. ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள்.

3. களம்: மீன் வைக்கும் தெர்மாகோல் ஐஸ் பெட்டியின் பழைய மூடிதான் என் நிலம். ஸ்ப்ரே பெயிண்ட் அடித்துவிடாதீர்கள். அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். என் முதல் கோட்டை அப்படித்தான் போனது! போஸ்டர் கலர் போதும். எங்கள் ஊர்ப் பெண்கள் பனை ஓலையில் கூடை பின்னுவார்கள். மிஞ்சிய துண்டுகள் எனக்கு வேலியாயின.

4. பகடையும் அளவும்: ஒரு பகடையில் 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் குண்டு பட்டது என்றால், வாய்ப்பு சரிபாதி. 5 அல்லது 6 வேண்டும் என்றால் மூன்றில் ஒன்று. எதிரி சுவருக்குப் பின்னால் இருந்தால் இப்படிக் கடினமாக்கலாம். அடுத்து ஸ்கேல். 168 செ.மீ. மனிதன் 28 மி.மீ. பொம்மையானால் 1:60. அதே கணக்கில் 100 மீட்டர் பாயும் குண்டு மேசையில் 167 செ.மீ. போகும். எல்லாரும் ஒரே சுற்றில் செத்துவிடுவார்கள்! அதனால் ஆளுக்கு ஒரு ஸ்கேல், தூரத்துக்கு வேறு ஸ்கேல். நான் 5 மீட்டருக்கு 1 செ.மீ. வைத்தேன், அதே குண்டு 20 செ.மீ. தான் போகும்.

சரி, எந்தப் போரை ஆடுவது? எங்கள் ஊரிலேயே இருக்கிறதே! 1610-ல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் வணிகக் கிடங்கு அமைத்தார்கள். 1612-ல் சாந்தோமிலிருந்து போர்த்துகீசியர் வந்து அதைத் தாக்கி அழித்தார்கள். 1613-ல் எழுந்ததுதான் கெல்ட்ரியா கோட்டை. 1690 வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம் அதுவே. சின்ன வயதில் நான் ஆடு மேய்த்த அந்த இடிபாட்டுக்கு இவ்வளவு கதை என்று இந்த விளையாட்டுக்காகப் படித்தபோதுதான் தெரிந்தது.

நான் 1612-ஐ எடுத்துக்கொண்டேன். போர்த்துகீசியருக்கு ஆள் அதிகம், டச்சுக்காரருக்குக் குறைவு. அப்படியானால் ஆட்டம் எப்படிச் சமமாகும்? ஆடு புலி ஆட்டத்தை நினையுங்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி ஜெயிக்க ஒரு வழி, ஆடு ஜெயிக்க வேறு வழி. அதேபோல டச்சுக்காரர் எட்டுச் சுற்று தாக்குப்பிடித்தாலே வெற்றி என்று வைத்தேன்.

லீவில் வீட்டுத் திண்ணையில் தம்பியோடு ஆடிக்கொண்டிருந்தேன். ஆயா ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டது: "இன்னாடா, அவனும் இவனும் சுட்டுக்கிறானுங்க. நம்ம ஆளுங்க எங்கடா?"

எனக்குப் பதில் வரவில்லை. ஏரியை நீலமாக வரைந்திருந்தேன். அதில் ஒரு படகுகூட இல்லை. நான் படித்த பக்கங்களிலும் அன்று வலை போட்டவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அதையே பார்த்து நானும் களம் அமைத்திருக்கிறேன்!

மறுநாள் பனை ஓலையில் ஆறு படகு செய்தேன். இப்போது மூன்றாவது ஆட்டக்காரர் ஒருவர் ஊருக்காக ஆடுகிறார். ஆறு சுற்றுக்குள் குடும்பங்களை அக்கரை சேர்த்தால் ஊர் ஜெயித்தது. ஒரு குண்டும் சுட வேண்டாம். இரண்டு படைகளில் யார் குண்டு படகில் பட்டாலும் அவர்களுக்கு இரண்டு மதிப்பெண் போய்விடும். இந்த ஒரு விதி வந்ததும் ஆட்டமே மாறிவிட்டது. கண்மூடித்தனமாகச் சுடுகிறவன் தோற்கிறான்.

புதிதாக ஆட வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: விதியை இணையத்திலிருந்து எடுங்கள், களத்தை உங்கள் ஊரிலிருந்து எடுங்கள். ஆட்டம் தொடங்கும் முன் "இங்கே யாரை விட்டுவிட்டோம்?" என்று ஒரு தடவை பாருங்கள்.

சனிக்கிழமை மாலை மெஸ் மேசை காலியாக இருக்கும். வாங்க, பகடை என்னிடம் இருக்கிறது!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை மாணவன்