செஞ்சி நாயக்கர்: எழுச்சியும் ஆட்சியும்

செஞ்சி என்றவுடன் தேசிங்கு ராசன் பெயரே தமிழர் நாவில் எழும். 1714ஆம் ஆண்டு அக்டோபரில் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையை எதிர்த்துப் போரிட்டு மடிந்த அவ்விளைஞர் ஓராண்டுகூட முழுமையாக ஆண்டவரல்லர். நட்புக்காகத் திருமணத்தை விட்டுப் போர்க்களம் புகுந்த மகபத்கானோடு சேர்த்து அவரை வாழவைத்தது நாட்டுப்புறக் கதைப்பாடல். ஆனால் அதே கோட்டையை ஏறத்தாழ 140 ஆண்டுகள் ஆண்ட நாயக்கர்களுக்கு அத்தகைய பாடல் வாய்க்கவில்லை. இன்று செஞ்சியில் நாம் வியந்து நோக்கும் கட்டடங்களுட் பல அவர்கள் காலத்தவை என்பது ஈண்டு நினையத்தக்கது.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிருஷ்ணதேவராயர் காலத்தில், தமிழகத்தின் வடபகுதியைக் காக்கும் பொறுப்பு செஞ்சி நாயக்கரிடம் வந்தது. இம்மரபின் முதல்வர் வையப்பர் என்பர் ஒருசாரார்; துபாக்கி கிருஷ்ணப்பர் என்பர் மற்றொரு சாரார். எவராயினும் விஜயநகரப் பேரரசரின் படைத்தலைவராகவே வந்தார். வரி தண்டி, படை பேணி, பேரரசருக்குத் திறை செலுத்துதல் அவர் கடன்.

படைத்தலைமையினின்று அரசமரபு தோன்றுதல் உலக வரலாற்றில் புதிதன்று. உரோமில் கி.பி. 69இல் வெஸ்பேசியன் என்னும் தளபதியைப் படைகளே பேரரசராக்கின. அவரும் அவர்தம் மைந்தர் இருவரும் 96 வரை ஆண்டனர், இருபத்தேழே ஆண்டுகள். வெஸ்பேசியன் பேரரசைக் கைப்பற்றினார்; செஞ்சியார் பேரரசின் நிழலிலேயே தம் அரசை வளர்த்தனர். வேறுபாடு இதுதான். செஞ்சியாரின் வலிமையும் அதுவே, வீழ்ச்சிக்குரிய வித்தும் அதுவே என்பது என் கருத்து.

1565இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் சிதைந்தபின் நாயக்கர்கள் தன்னாட்சி நோக்கி நகர்ந்தனர். இரண்டாம் கிருஷ்ணப்பர் காலமே செஞ்சியின் பொற்காலம். 1597இல் இங்கு வந்த இயேசு சபைத் துறவி பிமெண்டா, லிஸ்பன் தவிர்த்துப் போர்ச்சுகல் நாட்டில் இத்துணைப் பெரிய நகர் இல்லை என வியந்தெழுதினார். வெள்ளாற்று முகத்துவாரத்தருகே கிருஷ்ணபட்டினம் என்னும் துறைநகரை இம்மன்னர் எழுப்பினார். ஆயினும் அவரை வெறும் புகழ்மாலையால் மூடுதல் முறையன்று. தில்லையில் கோவிந்தராசர் திருப்பணியை எதிர்த்த அர்ச்சகர் சிலர் கோபுரத்தினின்று குதித்து மாய்ந்தபோதும் மன்னர் பணியை நிறுத்தவில்லை என அதே பிமெண்டா பதிவுசெய்துள்ளார்.

பேரரசர் வேங்கடபதியை எதிர்த்துச் சிறைப்பட்ட கிருஷ்ணப்பரை மீட்டவர் தஞ்சை இரகுநாத நாயக்கர். விடுதலைபெற்றவர் தம் மகளை அவருக்கு மணமுடித்தும் கொடுத்தார். இவ்வளவும் நடந்த பின்னரும், 1614இல் வேங்கடபதி மறைந்து அரியணைப் போட்டி மூண்டபோது, செஞ்சி மதுரையோடு சேர்ந்து ஜக்கராயன் பக்கம் நின்றது. பேரரசர் குடும்பத்தைக் கொன்றொழித்தவன் அந்த ஜக்கராயன். தப்பிய இளவரசன் இராமதேவனுக்குத் துணைநின்றவர் இரகுநாதர், மருமகனே எதிரணி! 1616-17இல் கல்லணைக்கு அண்மையில் தோப்பூரில் நிகழ்ந்த பெரும்போரில் ஜக்கராயன் கொல்லப்பட்டான்; செஞ்சியின் அணி தோற்றது. செஞ்சியார் அதன்பின் நிமிரவேயில்லை.

தம்மை நிறுவிய பேரரசைக் குலைப்பதில் பங்குகொண்டோருக்கு, வடக்கிலிருந்து படை வந்தபோது உதவ எவருமில்லை. மதுரைத் திருமலை நாயக்கர் பிஜப்பூர் சுல்தானின் துணையை நாடினார். வந்த படை கோல்கொண்டாப் படையோடு உடன்பாடு செய்துகொண்டு செஞ்சியைத் தனதாக்கியது. இது நிகழ்ந்தது 1649ஆம் ஆண்டையொட்டி. இதனை இந்து முஸ்லிம் போராகக் காட்டுவோர், இப்படையை அழைத்தவர் யாரென்பதை மறந்துவிடுகின்றனர்.

பின்னர் 1677இல் சிவாஜியும், 1698இல் முகலாயரும் கோட்டையைக் கைப்பற்றினர். 2025 சூலையில் உலக மரபுச் சின்னமாகச் செஞ்சி அறிவிக்கப்பட்டபோது, 'மராத்தியப் படைத்துறை நிலக்காட்சிகள்' என்னும் தொகுதியில் பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாக அது இடம்பெற்றது. தலைப்பில் நாயக்கர் பெயர் இல்லை.

செஞ்சிக்குச் செல்லும் மாணவர்கள் இராசகிரியின் உச்சியை எட்டும் விரைவில் அடிவாரத்தைக் கடந்துவிடுகின்றனர். அங்கே கல்யாண மகாலையும் நெற்களஞ்சியத்தையும் வேங்கடரமணர் கோயிலையும் நின்று நிதானமாகக் காணல் வேண்டும். அக்கோயிலின் தூண்கள் சில அங்கில்லை. பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக்குக் கொண்டு சென்றவை அவை. கடற்கரைக் காந்தி சிலையைச் சூழ இன்றும் நிற்கின்றன.