விறகடுப்புச் சமையலைக் கற்றல்: ரொக்ஸ்பரோவிலிருந்து ஒரு நோக்கு

மொன்றியல் மாநகரின் மேற்குப் பகுதியிலுள்ள ரொக்ஸ்பரோவில் வீட்டினுள் விறகு எரிப்பது இன்று எளிதன்று. மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் நுண்துகள் வெளியிடும் விறகடுப்புகளின் பயன்பாட்டை மாநகரசபை 2018 ஒக்ரோபர் 1 முதல் தடைசெய்துள்ளது. மின்சாரம் மூன்று மணிநேரத்துக்கு மேல் தடைப்பட்டால் மட்டும் விலக்கு உண்டு. இத்தடை நியாயமானதே. நம் அன்னையர் கண்ணெரிவோடு சமைத்ததை மறந்து விறகடுப்பைப் போற்றுவோருள் நான் ஒருவனல்லன். எனினும், இங்கு வளரும் தலைமுறை யாழ்ப்பாணத்து அடுப்புச் சமையலை எவ்வாறு கற்கும் என்ற வினா எஞ்சுகிறது.

சமையற்குறிப்புகள் இதற்குப் போதா. அவை பொருளின் அளவைத் தருகின்றன. தீயின் அளவைத் தருவதில்லை. மின்னடுப்பில் குமிழைத் திருப்பிப் பெறும் வெப்பத்தை, விறகடுப்பில் விறகை உள்ளே தள்ளியும் வெளியே இழுத்தும் பெறவேண்டும். தென்னம்பாளையும் காவோலையும் சட்டெனப் பற்றி விரைவில் அடங்குவன, தீமூட்ட உகந்தவை. நின்றெரிந்து தணல் தருவது கட்டை விறகே. சோறு கொதிக்கும்வரை சுவாலை வேண்டும். கஞ்சி வடித்தபின் தணல் போதும். சொதிக்குத் தேங்காய்ப்பால் விடுமுன் விறகை இழுக்காவிடின் பால் திரைந்துவிடும். மண்சட்டியோ இறக்கியபின்னும் சிறிதுநேரம் கொதிக்கும். ஆதலால் அதனைச் சற்று முன்னதாகவே இறக்குதல் வேண்டும்.

கொடியடுப்பு என்பது பெரிய அடுப்பின் மிகைவெப்பத்தைப் பெற்று மெல்லக் காய்ச்சும் பக்க அடுப்பு. அச்சொல் அகராதியில் உள்ளது. எக்கறியை எப்பதத்தில் அதன்மேல் மாற்றுவது என்பது அங்கில்லை. முதியோரிடம் செய்முறை கேட்டுப் பதிவுசெய்வோர், விறகை எப்போது இழுத்தார்கள் என்றும் வினவுதல் வேண்டும். காணொளி எடுப்போர் பானையோடு அடுப்புவாயையும் படம்பிடித்தல் நன்று.