புதுப் பயிரைத் தம் நிலத்தில் முதலில் நட்டவர்

பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடும் இடம் திருமுக்கூடல். இந்த ஆற்றங்கரை ஊர்களில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டம் பார்த்து நெல் நடுகிறார்கள். மணற்பாங்கான மேட்டு நிலத்தில் மணிலா விதைக்கிறார்கள். மணிலா நம் மண்ணிலேயே பிறந்த பயிர் என்று பலரும் நினைப்பதுண்டு. உண்மையில் அது தென் அமெரிக்காவில் தோன்றிய பயிர். கடல் கடந்து வந்து, பிலிப்பைன்ஸ் தீவில் உள்ள மணிலா நகரின் பெயரோடு இங்கே தங்கிவிட்டது. மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே.

ஆகவே, வெளியிலிருந்து வந்தது என்பதற்காக ஒரு பயிரை ஒதுக்க வேண்டியதில்லை. அதே சமயம், புதிது என்பதற்காக நம்பி இறங்கிவிடவும் கூடாது. ஈமு கோழி வளர்ப்பில் சேமிப்பையெல்லாம் போட்டு, 2012ஆம் ஆண்டில் ஏமாந்து நின்ற குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். புதிய பயிரையோ தொழிலையோ எப்படி எடை போடுவது? இமயமலையில் குடியேறி, விவசாயியாகவே வாழ்ந்து மறைந்த ஓர் அமெரிக்கரின் வாழ்க்கை இதற்கு நல்ல விடை தருகிறது.

குடியேறி வந்த குடும்பஸ்தர்

அவர் பெயர் சாமுவேல் எவன்ஸ் ஸ்டோக்ஸ். 1882இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த செல்வக் குடும்பத்தில் பிறந்தார். 1904இல் சிம்லா மலைப்பகுதிக்கு வந்து தொழுநோயாளிகளுக்குத் தொண்டு செய்தார். 1905இல் காங்க்ரா பகுதியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டபோது அங்கும் சென்று உதவினார்.

1912இல் கோட்கர் பகுதியைச் சேர்ந்த ஆக்னஸ் என்ற மலைநாட்டுப் பெண்ணை மணந்து, அங்கேயே நிலம் வாங்கி விவசாயத்தில் இறங்கினார். அவர்களுக்கு ஏழு குழந்தைகள். அதில் தாரா என்ற மகன் சிறு வயதிலேயே நோயால் இறந்தான். அந்தத் துயரத்துக்குப் பிறகு, 1924இல் ஊர்ப் பிள்ளைகளுக்காக மகன் பெயரிலேயே ஒரு பள்ளியைத் தம் நிலத்தில் தொடங்கினார் ஸ்டோக்ஸ்.

விவசாயியின் உழைப்புக்கு மதிப்பு

அக்காலத்தில் மலைக் கிராமங்களில் 'பேகார்' என்னும் கொடுமை இருந்தது. அதிகாரிகள் வந்தால் அவர்களுடைய மூட்டை முடிச்சுகளை ஊரார் சுமக்க வேண்டும். அறுவடைக் காலமானாலும் வயலை விட்டுவிட்டுப் போக வேண்டும். கூலி இல்லை; இருந்தாலும் அற்பம். நம் பக்கத்தில் 'வெட்டி வேலை' என்ற சொல்லுக்கும் கூலியில்லாத கட்டாய வேலை என்பதே பழைய பொருள். ஸ்டோக்ஸ் கிராமத்தாரை ஒன்று திரட்டிப் போராடி, 1921இல் இந்தச் சுமையைக் குறைக்கச் செய்தார். அதே ஆண்டு டிசம்பரில் சுதந்திரப் போராட்டத்தில் கைதாகி ஆறு மாதம் சிறைத் தண்டனை பெற்றார். வீட்டில் ஆக்னஸும் சிறு குழந்தைகளும் இருந்தனர்.

ஆப்பிள் வந்த விதம்

கோட்கர் விவசாயிகள் கோதுமை, பார்லி, மக்காச்சோளம் போன்றவற்றைப் பயிரிட்டு வந்தனர். சரிவான, துண்டு துண்டான நிலம். விளைச்சல் வயிற்றுக்கே போதவில்லை. குலு பள்ளத்தாக்கில் ஆங்கிலேயர்கள் முன்பே ஆப்பிள் வைத்திருந்தார்கள். ஆனால் அவை புளிப்புச் சுவை கொண்ட ரகங்கள். நம் நாட்டு வாய்க்கு அவை அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

ஸ்டோக்ஸ் இதைக் கவனித்தார். 1916இல் அமெரிக்காவின் ஸ்டார்க் நாற்றங்காலிலிருந்து, இனிப்பும் சிவப்பு நிறமும் கொண்ட ரெட் டெலிஷியஸ் ரகக் கன்றுகளை வரவழைத்துத் தம் நிலத்தில் நட்டார். 1921இல் அவருடைய தாயார் கோல்டன் டெலிஷியஸ் என்ற மஞ்சள் நிற ரகத்தைப் பரிசாக அனுப்பிவைத்தார்.

இந்த இரண்டாவது ரகம் வந்ததில் ஒரு நன்மை உண்டு. ரெட் டெலிஷியஸ் மரம் தன் மகரந்தத்தால் தானே காய் பிடிக்காது. வேறு ரக மரத்தின் மகரந்தத்தைத் தேனீக்கள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அதற்குக் கோல்டன் டெலிஷியஸ் மிகவும் ஏற்றது. பப்பாளித் தோட்டத்தில் சில ஆண் மரங்களை விட்டுவைக்கிறோம் அல்லவா, அதுபோலத்தான். இதை அறியாமல் ஒரே ரகத்தை நட்டால் பூ கொட்டும், காய் நிற்காது. ஆப்பிளை விதை போட்டு வளர்த்தால் தாய் மரத்தின் குணம் வராது. மாவைப் போலவே ஒட்டுக் கன்றுதான் நட வேண்டும்.

ஸ்டோக்ஸ் தோட்டத்துப் பழம் விற்பனைக்கு வந்தது 1926இல். அதாவது நட்டதிலிருந்து 10 ஆண்டுகள் கழித்து! பழத்தையும் விலையையும் கண்ணால் பார்த்த பிறகே அக்கம்பக்கத்தாருக்கு நம்பிக்கை பிறந்தது. கேட்டவர்களுக்குக் கன்று கொடுத்து, நடும் முறையையும் சொல்லிக் கொடுத்தார். 1932இல் இந்து சமயத்தைத் தழுவி சத்தியானந்தர் என்று பெயர் மாற்றிக்கொண்ட அவர், 1946இல் காலமானார். இன்று இமாசலப் பிரதேசத்தில் ஒரு லட்சம் ஹெக்டேருக்கும் அதிகமான நிலத்தில் ஆப்பிள் சாகுபடியாகிறது.

முதல் நஷ்டம் யாருக்கு?

இங்கே ஓர் உண்மையை மறக்கக் கூடாது. ஸ்டோக்ஸ் வசதியான குடும்பத்தவர். பத்து ஆண்டுகள் காத்திருக்க அவரால் முடிந்தது. கன்றுகள் பட்டுப்போயிருந்தால் நஷ்டம் அவரோடு போயிருக்கும். இரண்டு ஏக்கர்க்காரரின் அடுப்பு அணைந்திருக்காது. தாங்கக்கூடியவர் முதலில் சோதனை செய்தார். தாங்க முடியாதவர் பலனைப் பார்த்துப் பின்பற்றினார். அந்தப் பயிர் ஊரில் நிலைத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஈமு திட்டங்களில் நடந்தது இதற்கு நேர் எதிர். திட்டம் சொன்னவர் பணம் வாங்கினார். சோதனையின் நஷ்டம் சிறு விவசாயி தலையில் விழுந்தது.

கவனிக்க வேண்டிய நான்கு

புதிய பயிரைப் பற்றி யார் வந்து சொன்னாலும், கீழ்க்கண்டவற்றை விவசாயிகள் கேட்டுத் தெளிய வேண்டும்.

1. சொல்பவர் தம் நிலத்தில் அதை வைத்திருக்கிறாரா? காய்ப்பில் இருக்கும் தோட்டத்தை நேரில் பார்க்க வேண்டும். கன்று விற்பவருடைய படத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

2. நம் தட்பவெப்பம் ஒத்து வருமா? டெலிஷியஸ் ஆப்பிளுக்குக் குளிர்காலத்தில் 7 டிகிரி செல்சியசுக்கும் குறைந்த குளிர் சுமார் 1,000 மணி நேரம் தேவை. மார்கழிப் பனியிலும் பாலாற்றங்கரையில் அந்தக் குளிர் கிடையாது. 1874இல் ரஷ்யப் பேரரசின் தென்பகுதியிலிருந்து அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் குடியேறிய மென்னனைட் சமய விவசாயிகள் தங்கள் குளிர்காலக் கோதுமையைக் கொண்டு சென்றனர். இரண்டு இடத்துப் பருவமும் ஒத்திருந்ததால் அந்தக் கோதுமை அங்கே வேரூன்றியது.

3. வருமானம் வரும் வரை குடும்பம் எதைச் சாப்பிடும்? காய்ப்புக்கு வர எத்தனை ஆண்டு, அதுவரை ஊடுபயிர் எது என்று கணக்குப் போட வேண்டும்.

4. வாங்குபவர் யார்? கன்று விற்றவரே விளைபொருளையும் வாங்கிக்கொள்வார் என்ற வாக்குறுதியை மட்டும் நம்ப வேண்டாம். சந்தையில் பலர் வாங்கும் பொருளா என்று விசாரிக்க வேண்டும்.

நான்கிற்கும் நல்ல விடை கிடைத்தாலும் முதலில் பத்து சென்ட்டில் வைத்துப் பாருங்கள். நெல்லும் மணிலாவும் மற்ற நிலத்தில் இருக்கட்டும். கட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்திலும், வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலும் முன்கூட்டியே யோசனை கேட்பது நல்லது.

கோட்கரின் பழைய தோட்டங்களுக்கும் இன்று சோதனை வந்திருக்கிறது. குளிர்காலம் வெப்பமாகி வருவதால் தாழ்வான சரிவுகளில் ஆப்பிள் காய்ப்பு குறைந்து, சாகுபடி மேலே நகர்ந்து வருகிறது. ஒரு காலத்தில் வாழ்வளித்த பயிரும் என்றென்றைக்கும் வாழ்வளிக்கும் என்று இருந்துவிட முடியாது. அங்குள்ளவர்கள் மறுபடியும் புதிய ரகங்களைத் தேடுகிறார்கள். அவர்களுக்கும் நமக்கும் விதி ஒன்றே: முதலில் சிறிது நட்டுப் பார், காய்த்ததைக் கண்டபின் பெருக்கு.