என்பு இறந்த பொருளன்று

யாழ்ப்பாண நகரின் கிழக்கே, கடனீரேரிக் கரையில் அமைந்த கொழும்புத்துறை போன்ற பகுதிகளில், பிள்ளைகள் புலம்பெயர்ந்துவிடத் தனித்து வாழும் முதியோர் பலர் உளர். கிணற்றடியில் வழுக்கி விழுந்த தாயார் ஒருவருக்கு இடுப்பென்பு முறிந்தால், "வயது போய்விட்டது, இனிப் பொருந்தாது" எனக் கூறிப் படுக்கையிலேயே விட்டுவிடும் போக்கு நம்மிடையே இன்னமும் உண்டு. என்பை உயிரற்ற சுண்ணாம்பாகக் கருதுவதன் விளைவே இது. நுணுக்குக்காட்டி புலப்படுத்தும் உண்மையோ இதற்கு நேர்மாறானது.

என்பின் நிறையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கல்சியம், பொசுபேற்று ஆகியவற்றாலான உப்பு. எஞ்சியதிற் பெரும்பகுதி கொலாஜன் எனும் புரத நார். கோழியின் என்பொன்றைச் சில நாட்கள் வினாகிரியில் ஊறவைத்தால் உப்புக் கரைந்து அது இறப்பரைப் போல் வளையும். நெருப்பிலிட்டால் நார் எரிந்து, கைபட்டதும் நொறுங்கும். உறுதிக்கு இரண்டுமே வேண்டும்.

என்பின் மெல்லிய சீவலொன்றை நுணுக்குக்காட்டியில் நோக்கினால், மரத்தின் ஆண்டு வளையங்களைப் போன்ற வட்ட அடுக்குகள் தென்படும். ஒவ்வொரு தொகுதியும் ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர் விட்டமுடையது. அதன் நடுவே குருதிக்கலன்களும் நரம்பும் செல்லும் கால்வாய் உண்டு. 1691இல் இக்கால்வாய்களை விவரித்த ஆங்கில மருத்துவர் கிளப்டன் ஹேவர்ஸின் பெயராலேயே அவை வழங்கப்படுகின்றன.

வளையங்களுக்கிடையே உள்ள நுண்குழிகளில் என்புக் கலங்கள் வாழ்கின்றன. என்பிலுள்ள கலங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை இவையே. மிக நுண்ணிய கால்வாய்களினூடாக ஒன்றையொன்று தொட்டு நிற்கும் இவை, என்பின் மீது விழும் பாரத்தை உணர்கின்றன. இவற்றின் சைகைக்கேற்ப, பல கருக்களையுடைய என்பழிக்கும் கலங்கள் பழைய பகுதியைக் கரைத்து அகற்ற, என்பாக்கும் கலங்கள் அவ்விடத்தில் புதியதை அமைக்கின்றன. அகற்றுதல் சில வாரங்களில் முடியும். அமைத்தலுக்கோ மாதங்கள் செல்லும். வளர்ந்தோரில் ஆண்டுதோறும் என்பின் பத்திலொரு பங்களவு இவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது.

மாதவிடாய் நின்ற பின் ஈஸ்திரஜன் ஓமோன் குறைவதால் அழிப்பு ஆக்கத்தை மிஞ்சுகிறது. முள்ளந்தண்டு, இடுப்பு, மணிக்கட்டு ஆகியவற்றிலுள்ள பஞ்சு போன்ற என்பு மெலிந்து, சிறு வீழ்ச்சியிலும் முறிகிறது. ஆயினும் புதுப்பிக்கும் கலங்கள் முதுமையிலும் ஓய்வதில்லை. முறிந்த என்பு முதியோருக்கும் பொருந்தும். படுக்கையிற் கிடத்துவதோ பாரத்தை நீக்கி, எஞ்சிய என்பையும் கரையச் செய்கிறது. ஆதலின் இயன்றவரை ஓரிரு நாட்களுக்குள் சத்திரசிகிச்சை செய்து விரைவில் நடக்க வைப்பதே இன்றைய மருத்துவ நெறியாகும்.

என்பைப் பற்றிய அறிவு இம்மண்ணுக்குப் புதியதன்று. கொழும்புத்துறையிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், கிரேயின் உடற்கூற்று நூலை 'மனுஷ அங்காதிபாதம்' என 1872இல் தமிழில் வெளியிட்டார். அந்த அறிவு ஏட்டோடு நின்றுவிடலாகாது. குரக்கன், எள்ளு, முள்ளோடு உண்ணத்தக்க நெத்தலி ஆகியவை கல்சியம் தருவன. வீட்டுக்குள்ளேயே பொழுதைக் கழிக்கும் பெண்களுக்கும் முதியோருக்கும் விற்றமின் டீக்காகச் சிறிது வெயிலும், நாளாந்த நடையும் அவசியம். கிணற்றடிப் பாசியை அகற்றி, பிடித்து நடக்கக் கைபிடி ஒன்று அமைப்பதற்குப் பெருஞ்செலவில்லை. விழுந்தவரைப் பாயிற் கிடத்தாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வது நம் கடமை.